டிரங்க் அண்ட் டிரைவ்: 10,000 ரூபாய் அபராதம்தான் இருப்பதிலேயே சின்ன செலவு!



வெள்ளிக்கிழமை டீம் பார்ட்டி. "ரெண்டு பீர்தானே, வீடு பக்கத்துலதான்" என்று கார் சாவியை எடுக்கிறீர்கள். மாட்டினால்? "பத்தாயிரம் கட்டிட்டு வந்துடலாம்" என்பது பலருடைய கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தப்பாகிறது என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185: 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். பைக்குக்கும் இதேதான்.

• முதல் முறை: 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.
• மறுபடியும் மாட்டினால்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

லைசென்ஸும் சஸ்பெண்ட் ஆகலாம். குடித்தவரை வண்டி ஓட்டத் தூண்டினால், பிரிவு 188-ன்படி உங்களுக்கும் அதே தண்டனை.

பெரிய அடி இன்சூரன்ஸில்!

ஒரு உதாரணம். லோனில் வாங்கிய கார், மாசம் 15,000 இ.எம்.ஐ. விபத்தில் ரிப்பேர் செலவு 3.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். குடித்திருந்தால் உங்கள் கார் சேதத்துக்கான க்ளெய்மை கம்பெனி நிராகரிக்கலாம். பரிசோதனை ரிப்போர்ட் இல்லாவிட்டாலும், மற்ற ஆதாரங்களை வைத்து மறுக்க முடியும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கார் ஷெட்டில் நிற்கும், இ.எம்.ஐ. நிற்காது.

அடிபட்டவருக்கான நஷ்டஈடு? கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அதை உங்களிடமே வசூலிக்க வழி இருக்கிறது. அது பல லட்சம் ஆகலாம். உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் தனி கிரிமினல் கேஸ் வேறு.

கேஸ் போட்டுட்டாங்க, என்ன செய்யலாம்?

1. ஊத மறுக்காதீங்க. தகுந்த காரணமில்லாமல் மறுத்தால், பிரிவு 205-ன்படி அதுவே உங்களுக்கு எதிராகப் போகலாம்.
2. கருவி காட்டிய அளவு, நேரம், இடம் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பிரின்ட் வந்தால் நகல் கேளுங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.
3. கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் பரிசோதனை நடக்க வேண்டும். இல்லையென்றால் விடுவிக்க வேண்டும் (பிரிவு 202). ஆனால் வெளியே விட்டதால் மட்டும் கேஸ் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.
4. சம்மன் வந்தால் போங்க. போகாவிட்டால் வாரன்ட் வரலாம்.
5. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடறேன்" என்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அது தண்டனைப் பதிவு. புது வேலைக்கான ஃபார்மில் கேஸ் பற்றிக் கேட்டால் மறைக்கவும் முடியாது.

எந்த வக்கீல் வைத்தாலும், நிஜமாகவே 30-ஐத் தாண்டியிருந்தால் வாதாட அதிகம் இருக்காது. பார்ட்டிக்குக் கிளம்பும்போதே வண்டியை வீட்டில் விட்டுட்டுப் போங்க. திரும்பி வர கேப் 400 ரூபாய் ஆனாலும் லாபம் உங்களுக்குத்தான்.

உங்கள் பாலிசியில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? இன்னைக்கே எடுத்துப் படிச்சிடுங்க.