முதல் நாவல் ரெடி... ஏஜென்ட் எங்கே?

லேப் ரெக்கார்டு எழுதுற அதே கையால ராத்திரி உட்கார்ந்து ஆங்கிலத்தில் நாவல் எழுதுறவங்க நம்ம ஹாஸ்டலிலும் இருக்காங்க. எழுதி முடித்ததும் வரும் கேள்வி: "இதை யார்கிட்ட கொடுக்கிறது?" அவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் எழுதுறீங்கன்னா கவலை வேண்டாம். பதிப்பகத்துக்கு நேரடியாகவே அனுப்பலாம். லண்டன், நியூயார்க் கதை வேற. அங்குள்ள பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் மூலம் வரும் நாவல்களைத்தான் படிக்கும். டெல்லியில் இருந்த அருந்ததி ராயின் முதல் நாவலைப் படித்துவிட்டு, டேவிட் காட்வின் என்ற லண்டன் ஏஜென்ட் இந்தியாவுக்கே விமானம் ஏறி வந்தார். அந்த நாவல் 1997இல் புக்கர் பரிசு வென்றது.

ஏஜென்ட் என்ன செய்வார்?

நாவலைச் செப்பனிட யோசனை சொல்வார். சரியான எடிட்டரிடம் கொண்டு போவார். விலை பேசுவார், ஒப்பந்தத்தை வரிவரியாகப் பார்ப்பார். மொழிபெயர்ப்பு, சினிமா உரிமைகளையும் விற்பார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ.பி. வாட் லண்டனில் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது கமிஷன் 10%. இப்போது உள்நாட்டு விற்பனைக்கு வழக்கமாக 15%, வெளிநாட்டு உரிமைக்கு 20%. பதிப்பகம் 1,00,000 ரூபாய் கொடுத்தால் 15,000 அவருக்கு, 85,000 உங்களுக்கு. நாவல் விலைபோகலைன்னா அவருக்கும் பூஜ்யம்தான்.

எப்படித் தேடுவது?

1. முதலில் நாவலை முழுசா முடிங்க. புதிய எழுத்தாளரின் பாதி நாவலை யாரும் எடுக்க மாட்டாங்க. கட்டுரை நூல் என்றால் மட்டும் திட்ட வரைவும் சில மாதிரி அத்தியாயங்களும் போதும்.

2. உங்க நாவல் மாதிரியான, சமீபத்தில் வந்த புத்தகங்களின் நன்றியுரைப் பக்கத்தைப் படிங்க. எழுத்தாளர் தன் ஏஜென்டுக்கு அங்கே நன்றி சொல்லியிருப்பார். அதுதான் உங்க முதல் பட்டியல்.

3. ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்க: என்ன வகை நாவல், எத்தனை சொற்கள், கதாநாயகனுக்கு என்ன வேணும், எது தடுக்குது, நீங்க யார். "என் நண்பர்கள் எல்லாரும் பாராட்டினாங்க" என்பதெல்லாம் வேண்டாம்.

4. சிலர் முதல் 3 அத்தியாயம் கேட்பாங்க, சிலர் 10 பக்கம். அவரவர் இணையதளத்தில் சொன்னபடியே அனுப்புங்க. பெயர் மாறாம பாத்துக்கோங்க!

5. ஒரே நாளில் 50 பேருக்கு அனுப்பாதீங்க. ஐந்தாறு பேராக அனுப்புங்க. பதிலுக்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும்.

மறுப்பு வந்தால்?

டீபக் பண்ணுங்க. யாருமே முழு நாவலைக் கேட்கலைன்னா, பிரச்சினை கடிதத்திலோ முதல் பக்கங்களிலோ இருக்கலாம். முழுசா வாங்கிப் படிச்சிட்டு வேண்டாம்னா, நாவலுக்குள்ளே தேடணும். ஒரு தொகுதிக்கு வந்த பதில்களைப் பார்த்துத் திருத்திட்டு அடுத்த தொகுதிக்கு அனுப்புங்க. 'தி ஹெல்ப்' நாவலை எழுதிய கேத்ரின் ஸ்டாக்கெட்டை 60 ஏஜென்டுகள் மறுத்தாங்க. 61ஆவது ஆள்தான் ஏற்றுக்கொண்டார். இடையிடையே அவரும் திருத்தி எழுதிக்கிட்டேதான் இருந்தார்.

பணம் கேட்டால்?

இதை மட்டும் மறக்காதீங்க. படித்துப் பார்க்கக் கட்டணம், பதிவுக் கட்டணம்னு முன்பணம் கேட்டால் அங்கேயே விலகிடுங்க. உண்மையான ஏஜென்ட் நாவலை விற்றுத்தான் சம்பாதிப்பார். பணம் பதிப்பகத்திலிருந்து உங்களை நோக்கி வரணுமே தவிர, உங்க வீட்டிலிருந்து வெளியே போகக் கூடாது. முதல் நாவல் என்ற ஆசையைக் காட்டித்தான் அப்பா அம்மா சேமிப்பில் கை வைப்பாங்க.

ஒருவர் சரின்னு சொன்னாலும் உடனே கையெழுத்துப் போடாதீங்க. இதுவரை எந்தப் புத்தகங்களை விற்றிருக்கிறார், உங்க நாவலில் என்ன மாற்றம் எதிர்பார்க்கிறார், பிரிய நினைத்தால் எப்படிப் பிரிவது என்று கேளுங்க. நல்ல ஏஜென்ட் இதுக்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

இந்த செமஸ்டர் லீவில் அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதிப் பாருங்க. வாழ்த்துகள்!