விமானி ஆக ஆசையா? முதலில் ஒரு சங்கத்தைத் தேடுங்கள்

எஸ்.பி.எம். முடித்த பெண் தாதிமைக்கோ ஆசிரியர் பயிற்சிக்கோ போகிறேன் என்றால், விவரம் சொல்ல உறவிலோ கோயில் கமிட்டியிலோ யாராவது கிடைத்துவிடுவார்கள். பைலட் ஆகப் போகிறேன் என்றால் வீடே அமைதியாகிவிடும். சுங்கை சிப்புட், கோப்பெங், தெலுக் இந்தான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து தாமான் வீடுகளுக்கு மாறி வந்த குடும்பங்களில், ஒரு விமானியை நேரில் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பயிற்சிக்கு ஆகும் பணம் பெரிய தடைதான். அதற்கும் முந்திய தடை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதது. அந்தக் குறையைத் தீர்க்கவே பெண் விமானிகள் சங்கங்கள் தோன்றின. பள்ளிக்குக் கட்டணம் கட்டும் முன்பே நீங்கள் தேடிப் போக வேண்டிய இடமும் அதுதான்.

99 பேர் தொடங்கியது

1929 நவம்பர் 2ஆம் தேதி, நியூயார்க்கை அடுத்த கர்ட்டிஸ் விமானத் தளத்தில் 26 பெண் விமானிகள் கூடினார்கள். விமானக் கொட்டகையில் கூட்டம். கருவிப் பெட்டி வண்டியில் வைத்துத் தேநீர் பரிமாறினார்கள். அன்று அமெரிக்காவில் உரிமம் பெற்றிருந்த பெண்கள் 117 பேர். அவர்களில் 99 பேர் நிறுவன உறுப்பினர்களாகச் சேர்ந்ததால் சங்கத்துக்கு ‘நைன்ட்டி-நைன்ஸ்’ என்றே பெயர் வந்தது. 1931இல் அமேலியா எர்ஹார்ட் அதன் முதல் தலைவரானார். தோழமையோடு, பெண்களுக்கு வேலை வாய்ப்புச் செய்திகளைச் சேர்ப்பதும் தொடக்கத்திலேயே சங்கத்தின் நோக்கமாக இருந்தது. இன்று பல நாடுகளில் அதற்கு உறுப்பினர்கள் உண்டு. மாணவ விமானிகளும் சேரலாம். அமேலியா எர்ஹார்ட் பெயரிலான கல்வி உதவி 1941 முதல் வழங்கப்படுகிறது.

நம் பக்கத்து வரலாறும் பெருமைக்குரியதே. 1936இல் லாகூர் பறக்கும் மன்றத்தில், 21 வயதில், சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார் சரளா தக்ரால். அப்போது அவர் ஒரு பெண் குழந்தைக்குத் தாய். இன்று விமானிகளில் பெண்களின் பங்கு உலக அளவில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். இந்தியாவில் நூற்றுக்கு 12 பேருக்கும் மேல். மலேசிய விமானப் படையில் மிக்-29 போர் விமானத்தை ஓட்டிய பெட்ரீசியா யாப் சியாவ் யின், சபாவின் சண்டாக்கானைச் சேர்ந்தவர். தலைநகரில் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தத் தொழிலில் இல்லை.

சங்க உலாவில் என்ன கற்கலாம்?

பெண் விமானிகள் சங்கங்கள் பல வகை உலா நடத்துகின்றன. ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் கூட்டமாகப் பறந்து போய், அங்கே சாப்பிட்டுத் திரும்புவது ஒன்று. ஒவ்வொரு தளத்திலும் ஒரு சீட்டு எடுத்து, கடைசியில் சேர்த்துப் பார்க்கும் விளையாட்டு இன்னொன்று. விமானத் தளத் தரையில் பெரிய திசைகாட்டி வட்டம் வரைந்து வண்ணம் பூசுவது நைன்ட்டி-நைன்ஸ் கிளைகளின் நெடுநாள் வழக்கம். விமானிகள் தங்கள் திசைகாட்டியைச் சரிபார்க்க அந்த வட்டம் உதவும்.

பொழுதுபோக்காகத் தெரியும் இந்த உலா உண்மையில் ஒரு வகுப்பு. புறப்படும் முன் விமானத்தைச் சுற்றிவரும் பெண்ணை அருகில் நின்று கவனியுங்கள். இறக்கையின் அடியில் உள்ள சிறு வால்வை அழுத்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் எரிபொருளைப் பிடிப்பார். ஏவ்காஸ் 100 எல்.எல். என்றால் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால், அது கனமானதால், நிறமின்றி அடியில் தங்கிவிடும். சுத்தமாக வரும்வரை மறுபடி மறுபடி பிடித்துப் பார்ப்பார். பிறகு என்ஜின் எண்ணெய் அளவு, டயர், வேகம் அளக்கும் குழாயில் பூச்சி அடைப்பு. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பார். நூறு முறை செய்தவரும் நினைவை நம்பி விடமாட்டார். இந்தப் பொறுமை உங்களுக்குப் பிடித்திருந்தால், தொழிலின் பாதி உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்தது வானிலை. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலை, நடுவே கிந்தா பள்ளத்தாக்கில் ஈப்போ. பிற்பகலில் இடிமழை வரும். சில மாதங்களில் விடியற்காலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து சூறைக்காற்று வரும். புகைமூட்டக் காலத்தில் மலையே கண்ணுக்குத் தெரியாது. மரம் நனைந்தால் அன்று பால்வெட்டு இல்லை என்று நம் பாட்டிமார் வானத்தைப் பார்த்தே முடிவெடுத்தார்கள். அதே ஒழுக்கம்தான் விமானிக்கும் வேண்டும். எல்லாரும் தயாராக நிற்கும்போது “இன்றைக்குப் பறக்கவில்லை” என்று சொல்லும் துணிவை, மூத்த விமானி ஒருவர் அப்படிச் சொல்வதைப் பார்த்தே கற்க முடியும்.

கட்டணம் கட்டும் முன் நான்கு வேலைகள்

1. மருத்துவச் சோதனை. தொழில்முறை விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம். அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இதைச் செய்யுங்கள். மூக்குக் கண்ணாடி பெரும்பாலும் தடையாகாது; கண்ணாடியுடன் தேவையான அளவு பார்வை இருந்தால் போதும். நிறம் பிரித்தறியும் சோதனை உண்டு. இரத்தசோகை இருப்பவர்கள் முன்பே சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு சோதனைப் பறப்பு. பயிற்றுநரோடு சிறு விமானத்தில் ஒருமுறை ஏறுங்கள். வெக்கை, இரைச்சல், குலுக்கல் மூன்றும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது அன்றே தெரிந்துவிடும்.

3. ஆங்கிலம். அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் தரப்படி குறைந்தது 4ஆம் நிலை வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் இதற்கு அஞ்ச வேண்டாம். வானொலிப் பேச்சு வரையறுத்த சொற்களால் ஆனது. அல்ஃபா, பிராவோ, சார்லி என்ற எழுத்துப் பெயர்களை இன்றே மனப்பாடம் செய்யுங்கள். மலேசிய விமானங்களின் பதிவெண் ‘நைனர் மைக்’ என்று தொடங்கும். சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

4. கணக்கும் இயற்பியலும். ஈப்போ ஓடுபாதையின் ஒரு முனையில் 04 என்றும் மறுமுனையில் 22 என்றும் எழுதியிருக்கும். அவை 40 பாகை, 220 பாகைத் திசைகளைக் குறிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 180. இந்த அளவு கணக்கு மனதில் தயக்கமின்றி ஓட வேண்டும். எஸ்.பி.எம். தகுதி பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆங்கிலம், கணிதம், அறிவியலில் கிரெடிட் இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள்.

உரிமப் படிகள்

ஐகாவோ விதித்த அடிப்படை இது. தனியார் விமானி உரிமமான பி.பி.எல்.லுக்கு வயது 17, பறப்பு 40 மணி நேரம். இதை வைத்துச் சம்பளத்துக்குப் பறக்க முடியாது. வணிக விமானி உரிமமான சி.பி.எல்.லுக்கு வயது 18, பறப்பு 200 மணி நேரம். அங்கீகரித்த தொடர் பயிற்சியில் 150 போதும். பெரிய விமானத்தின் கேப்டனுக்கான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு வயது 21, பறப்பு 1,500 மணி நேரம். பள்ளியோடு ஒப்பந்தம் போடும் முன் சி.ஏ.ஏ.எம். விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவு? மலேசியாவில் முழுப் பயிற்சிக்கு மூன்று லட்சம் ரிங்கிட் அளவில், சில பள்ளிகளில் அதற்கு மேலும் ஆகும். ஒரே தவணையில் மொத்தப் பணத்தையும் கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பக் கட்டும் வழியைக் கேளுங்கள். பள்ளியின் சி.ஏ.ஏ.எம். அங்கீகாரம் நடப்பில் உள்ளதா, எத்தனை விமானங்கள் இன்று பறக்கும் நிலையில் உள்ளன, பள்ளி மூடினால் பணம் திரும்புமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் தருகிறது. விமானப் பயிற்சிக்குக் கிடைக்குமா என்று முதலிலேயே விசாரியுங்கள். உரிமம் வாங்கியும் வேலைக்குக் காத்திருந்தவர்கள் இந்நாட்டில் உண்டு. கோவிட் தொடங்கிய 2020இல் பறந்துகொண்டிருந்தவர்களே வேலை இழந்தார்கள். வீட்டை அடகு வைக்கும் முன், சங்கத்து மூத்தவர்களிடம் ஆட்சேர்ப்பு நிலவரத்தைக் கேளுங்கள்.

வீட்டில் எழும் இன்னொரு கேள்வி, கல்யாணமும் குழந்தையும். இதற்கும் விதியில் பதில் இருக்கிறது. சிக்கலில்லாத கர்ப்ப காலத்தில் 12ஆம் வார முடிவிலிருந்து 26ஆம் வார முடிவு வரை மருத்துவ அனுமதியோடு பறக்கலாம் என்கிறது ஐகாவோ. குழந்தை பெற்று மீண்டும் காக்பிட்டுக்குத் திரும்பிய தாயை உங்கள் அம்மாவோடு பேச வையுங்கள். எந்த விளக்கத் துண்டறிக்கையும் அந்தப் பேச்சுக்கு ஈடாகாது.

காக்பிட்டுக்கு வெளியேயும் வேலை

விமானப் பராமரிப்புப் பொறியாளர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், பறப்புத் திட்ட அதிகாரி ஆகியவையும் உரிமமும் பொறுப்பும் உள்ள நல்ல வேலைகள். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்ட நம் தோட்டங்களில் மருந்து தெளிக்கவும் நில அளவைக்கும் ட்ரோன் பயன்படுகிறது. சி.ஏ.ஏ.எம். அங்கீகரித்த ட்ரோன் பயிற்சிக்கு ஆகும் செலவு, விமானப் பயிற்சிக்கு ஆவதில் மிகச் சிறு பகுதிதான். சம்பாதித்துக்கொண்டே பி.பி.எல். படிக்க இது ஒரு வழி.

ஈப்போவில் ஏழு பேர் போதும்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பேராக்கில் பறக்கும் மன்றம் இருந்தது. விமானத் துறையில் ஆர்வமுள்ள பெண்களுக்கென நீங்களே ஒரு மன்றம் தொடங்கலாம். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்ய ஏழு பேர் இருந்தால் போதும். முதல் உலாவாகச் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்துக்கு அனுமதி கேட்டு எழுதுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாணவிகளையும் அழைத்துச் செல்லுங்கள். நாளாக மார்ச் 8ஐத் தேர்ந்தெடுங்கள். மகளிர் தினமான அதே நாளில்தான், 1910இல், பிரான்சின் ரேமோந்த் த லரோஷ் விமானி உரிமம் பெற்ற முதல் பெண்ணானார்.

பெற்றோரே, மகள் கேட்டால் உடனே சரி என்று சொல்ல வேண்டாம். வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம். ஒரு மருத்துவச் சோதனைக்கும் ஒரு சங்க உலாவுக்கும் அவளுடன் போய் வாருங்கள். அதன்பிறகு முடிவெடுங்கள்.