கண்ணுக்குத் தப்பிய சட்டகம்

நம் உடலைத் தாங்கி நிற்பது எலும்புக்கூடு. கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரணுவுக்கும் அத்தகைய தாங்கல் ஒன்று உண்டு. புரத இழைகளால் ஆன அதனை உயிரணுச் சட்டகம் என்பர். அது உயிரணுவின் வடிவத்தைக் காக்கிறது. உள்ளே பொருள்கள் செல்லப் பாதை அமைக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கிறது.

இச்சட்டகத்தின் தடித்த இழை நுண்குழல் ஆகும். அதன் விட்டமே ஏறத்தாழ 25 நானோமீட்டர்தான். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. சாதாரண ஒளி நுண்ணோக்கியோ, ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை ஒன்றாகவே காட்டும். 1931ஆம் ஆண்டில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மேக்ஸ் நோலும் ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நுண்ணோக்கியை உருவாக்கினர். அதன்பின் வந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கிகள் மிக நுண்ணிய பொருள்களையும் தெளிவாகக் காட்டின.

கருவி கிடைத்தும் சிக்கல் தீரவில்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் உட்பகுதி வெற்றிடமாக இருக்கும். உயிரணுவை அப்படியே அதனுள் வைக்க இயலாது. முதலில் அதனை வேதிப்பொருளால் பதப்படுத்த வேண்டும். நீரை அகற்றிப் பிசினில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்ட வேண்டும். 1950களில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஆஸ்மியம் டெட்ராக்சைடு என்னும் வேதிப்பொருளைக் குளிர்நிலையில் பயன்படுத்தினர். அம்முறையில் உயிரணுவின் சவ்வுகள் நன்கு நிலைத்தன. ஆனால், நுண்குழல்களுள் பல கலைந்து மறைந்தன.

1963ஆம் ஆண்டில் குளுட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருளைக் கொண்டு பதப்படுத்தும் முறை அறிமுகமானது. அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, அவை கலையாமல் காத்தது. அதே ஆண்டில், அமெரிக்காவில் மைரன் லெட்பெட்டரும் கீத் போர்ட்டரும் அம்முறையைக் கையாண்டு, தாவர வேரின் உயிரணுக்களில் நுண்குழல்கள் வரிசையாக அமைந்திருப்பதைக் கண்டனர். பிற ஆய்வாளர்களும் பலவகை உயிரணுக்களில் அவற்றைக் கண்டறிந்தனர். இன்று புற்றுநோய்க்குத் தரப்படும் பாக்லிடாக்செல் என்னும் மருந்து, நுண்குழல்களின் இயக்கத்தைத் தடுத்தே நோயுற்ற உயிரணுக்கள் பெருகாமல் செய்கிறது.

முந்தைய படங்களில் நுண்ணோக்கி தவறு செய்யவில்லை. தன் முன் வைக்கப்பட்டதையே அது காட்டியது. பதப்படுத்திய முறைதான் நுண்குழல்களை அழித்திருந்தது. ஒன்று தென்படாதபோது, ‘அது இல்லை’ என்று முடிவு கட்டுவதற்கு முன், ‘தேடிய முறை சரிதானா?’ என்று கேட்பதே அறிவியலுக்கு அழகு.