இணையமும் கொங்கு நாட்டு இளைஞரும்

மக்கள் தம் கருத்தைப் பிறர்க்கு அறிவிக்கும் கருவி மாறுந்தோறும் அவர்தம் கல்வியும் தொழிலும் உடன் மாறுதல் இயல்பு. ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய காலத்தில் ஏடெழுதுவோர் இருந்தனர். அச்சுப்பொறி வந்தபின் எழுத்துக் கோப்போரும் பிழை திருத்துவோரும் தோன்றினர். இந்நாளில் இணையம் என்னும் பெருங்கருவி உலகெங்கும் பரவி நிற்கின்றது. கருத்தறிந்த நாள்தொட்டு அதனோடு உடன்வளர்ந்தவர் நாம். இனி அதனையே பிழைப்புக்குரிய தொழிலாகக் கொள்ளப் புகும் பருவத்தில் நிற்கின்றோம். இப்பருவத்தில் நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. அக்கருவியை நாம் பயன்படுத்துவோர் மட்டுமோ, ஆக்குவோரும் ஆவமோ? கொங்கு நாட்டிற் பிறந்து தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நம்போல்வார்க்கு இத்தொழிலில் இடமுண்டோ? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் நாட்டில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாளாகும். விதேச் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம் சென்னை முதலிய பெருநகரங்களில் அதனைத் தொடங்கிற்று. அந்நாளில் தொலைபேசிக் கம்பியோடு மோடம் என்னும் கருவியை இணைத்து, ஒரு படம் திரையில் விரியும்வரை காத்திருந்தனராம். பின்னர் ஊர்தோறும் பிரௌசிங் சென்டர்கள் எழுந்தன. மணிக்கு இத்துணையெனக் காசு கொடுத்து நம் அண்ணன்மாரும் அக்காள்மாரும் தேர்வு முடிவு பார்த்தனர். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. 2016ஆம் ஆண்டில் நான்காந் தலைமுறை அலைபேசித் தொடர்பு மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதாயிற்று. அப்பொழுது நம் வகுப்பினர்க்கு வயது ஏறத்தாழப் பத்து. 2020 மார்ச்சுத் திங்களிற் கொரோனா நோயாற் பள்ளிகள் அடைபட்டபோது வகுப்பறையே கைபேசிக்குள் புகுந்துவிட்டது. வீட்டிலிருந்த ஒரே கைபேசியை உடன்பிறந்தார் முறைவைத்துப் பெற்றதும், அலை எட்டாத தோட்டத்துச் சாளைகளில் வாழ்வோர் மேட்டு நிலத்தில் ஏறி நின்று பாடங்கேட்டதும் நம்மிற் பலர் பட்டறிந்தவை. விசைத்தறியோசைக்கு நடுவே காதுக்கருவி செருகிக் கணிதங் கற்றாரும் நம்மிடை உளர்.

இவ்வளர்ப்பு நமக்குப் பெரும்பயன் விளைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் குறையும் உணரத் தக்கது. விரலாற் றொட்டவுடன் வேண்டியது வந்து நிற்றலின், அஃது எவ்வாறு வந்தது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் குறைந்து போயிற்று. கிணற்றில் நீந்தி விளையாடினார் எல்லாரும் கிணறு வெட்ட அறிந்தவராகார். அதுபோல, இணையத்தில் நீந்தி வளர்ந்தமையானே நாம் இணையத் தொழிலுக்கு உரியராகிவிட்டோம் என்று எண்ணுதல் பொருந்தாது. வேலைவாய்ப்புத் தேர்வுக்கு முதன்முறை செல்லும் நம் மூத்த மாணாக்கர் பலர் உணர்ந்து வந்து உரைக்கும் உண்மை இதுவே.

இவ்விடத்து நம் கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றை நினைவுகூர்தல் நலம். 1888ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரில் இராபர்ட்டு ஸ்டேன்ஸ் துரை நூற்பாலை நிறுவினார். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் சமவெளிக்கு வரலாயிற்று. அதன்பின் ஆலைகள் பெருகின. ஆலையின் இயந்திரம் பழுதுபட்டால் அதற்குரிய உறுப்புக்குச் சீமையை எதிர்நோக்கிக் காத்திருத்தல் இயலுமோ? ஆகவே பழுது பார்க்கும் லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் எழுந்தன. பழுது பார்த்த கைகளே பின்னர்ப் புதியன செய்யத் தலைப்பட்டன. ஆழ்கிணறுகளை நம்பி வேளாண்மை செய்யும் இந்நாட்டிற்குப் பம்பு செட்டு இன்றியமையாதது. அதனை இந்நாட்டாரே செய்தனர். மாவரைக்கும் கிரைண்டர் கோயம்புத்தூரின் பெயராற் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

இவ்வழியிற் சிறந்து விளங்கியவர் 1893ஆம் ஆண்டிற் கலங்கல் என்னுஞ் சிற்றூரிற் பிறந்த ஜி. டி. நாயுடு ஆவர். பள்ளிக்கல்வியில் மனம் பற்றாத அவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோயம்புத்தூர் வந்து உணவுவிடுதியில் வேலை செய்து பொருள் சேர்த்து, அத்தகைய வண்டியொன்றை வாங்கினார். வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊர் சுற்றியதோடு அமையவில்லை. அதனைக் கழற்றிக் கழற்றிப் பூட்டி அதன் உள்ளமைப்பை உணர்ந்தார். 1920ஆம் ஆண்டில் ஒரே பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். 1937ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரத்தோடு கூடி இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். வாங்குவது, கழற்றுவது, அறிவது, ஆக்குவது என்னும் நான்கு படிகளும் இவர் வாழ்க்கையில் ஒழுங்குறக் காணப்படுகின்றன. நாமோ முதற்படியிலேயே நின்று, அடுத்த ஆண்டு வரும் புதிய கைபேசிக்குக் காத்திருக்கின்றோம்!

கணினித் தொழிலும் இந்நாட்டில் வேரூன்றி வருகின்றது. 2010ஆம் ஆண்டில் டைடல் பூங்கா கோயம்புத்தூரில் திறக்கப்பெற்றது. சரவணம்பட்டியும் கீரணத்தமும் இன்று மென்பொருட் பணியாளர் நிறைந்த இடங்கள். 2024 நவம்பரில் விளாங்குறிச்சியில் மற்றுமொரு தகவல் தொழில்நுட்பக் கட்டடம் திறக்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டிற் றோன்றிய கோவை.கோ என்னும் நிறுவனம், ஊர்ப்பெயரையே தன் பெயராகத் தாங்கித் தானே ஆக்கிய மென்பொருள்களைப் பிறநாட்டார்க்கு விற்று வருகின்றது. பிறர் வகுத்த பணியைச் செவ்வனே செய்து கொடுத்தலும் நன்மையே. பல குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. ஆயினும் பட்டறை வைத்துப் பம்பு செய்த நாட்டார்க்கு, தாமே ஒன்றை ஆக்கி விற்பதே மரபுக்கு ஒத்த வழி என்பது எம் கருத்து.

இனித் தமிழ் மாணாக்கர்க்கு இதில் இடமுண்டோ என்னும் வினாவிற்கு வருவோம். “தமிழ் படித்தவனுக்குக் கணினியில் என்ன வேலை?” என்று உறவினர் கேட்பதும், அதற்கு விடை கூறாது நாம் தலைகுனிவதும் வழக்கமாகிவிட்டன. வரலாறு வேறு விடை தருகின்றது. அச்சுக்கலை வந்த காலத்தில் நிகழ்ந்ததை நோக்குக. 1715ஆம் ஆண்டிற் றரங்கம்பாடியிற் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. செருமனியின் ஆலே நகரினின்று முதலில் வந்த எழுத்துக்கள் மிகப் பெரியனவாய்த் தாளை விழுங்கியமையின், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. அயல்நாட்டிலிருந்து வந்த கருவி நம் எழுத்துக்கு இசைய வேண்டுமாயின், அவ்வெழுத்து வழங்கும் இடத்திலேயே அதனை வார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இணையத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1995ஆம் ஆண்டிற் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பொன்று வெளிவந்தபோது அதிற் றமிழையும் ஏற்றிக் காட்டியவர் நா. கோவிந்தசாமி. அவர் தமிழாசிரியர், சிறுகதை எழுதியவர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர். 1999ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய மாநாட்டையொட்டித் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2010 சூன் திங்களில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நம் கோயம்புத்தூரிற் கூடியபோது, தமிழ் இணைய மாநாடும் உடன் நடைபெற்றது. அவ்வமயம் தமிழக அரசு ஒருங்குறி என்னும் யூனிக்கோடு முறையைத் தரமாக ஏற்றது. ஆகவே கணினித் தமிழ் நம் வீட்டு வாயிலுக்கே வந்து சென்றது எனலாம்.

கணினிக்குத் தமிழ் கற்பித்தல் எத்தகையது என்பதை எடுத்துக்காட்டால் விளக்குவாம். ‘கொங்கு’ என்னுஞ் சொல்லில் எத்துணை எழுத்துக்கள் உள்ளன? கொ, ங், கு என மூன்று என்பர் இலக்கணம் கற்றோர். கணினியோ ஆறு என்னும். ஏனெனில் ஒருங்குறியில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் இல்லை. க, ஒகரக்குறி, ங, புள்ளி, க, உகரக்குறி என ஆறு எண்களாக அச்சொல் பதியப்படுகின்றது. இதனை அறியாத ஒருவர் சொல்லைத் திருப்பி எழுதும் நிரலொன்று அமைத்தால், உகரக்குறி சார்பின்றி முதலில் வந்து நிற்கும். எழுத்துக்களை எண்ணும் நிரல் அமைத்தால் விடை இரட்டிக்கும். வெண்பாவின் சீரும் தளையும் காண ஒரு கருவி செய்யப் புகுவோர் முதலிற் கடக்க வேண்டிய தடை இதுவே.

அகரவரிசையும் அத்தன்மைத்தே. அரசு, அலை, அவன், அழகு, அளவு, அறம், அன்பு என்பது நாம் கற்ற முறை. ஒருங்குறி எண்களின்படி மட்டும் வரிசைப்படுத்தினால் அன்பு, அரசு, அறம், அலை, அளவு, அழகு, அவன் என்றாகும். இறுதியில் நிற்க வேண்டிய அன்பு முதலில் வந்துவிடுகின்றது! இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒத்த வரிசை கண்ட பழைய முறையொன்றைப் பின்பற்றி இவ்வெண்கள் அமைக்கப்பட்டமையே இதற்குக் காரணம். ஆதலின் தமிழ் முறையில் அகராதி அமைக்கத் தனி வரிசைவிதி வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, இலக்கணம் அறிந்தோர் வகுத்தவிடத்துக் கருவி எத்துணை எளிதாகின்றது என்பதற்குத் தமிழ் 99 விசைப்பலகையே சான்று. அதில் ஙகரத்தை அழுத்திக் ககரத்தை அழுத்தினால், இடையிற் புள்ளி தானே அமைந்து ‘ங்க’ என வருகின்றது. மெல்லினமும் அதன் இனமாகிய வல்லினமும் மயங்கும் என்று நாம் வகுப்பிற் படிக்கும் விதி அங்கே விசையாய் இருந்து வேலை செய்கின்றது.

இன்னும் ஒன்று. இணையத்தில் ‘மரம்’ என்று தேடுவோர்க்கு ‘மரத்தை’, ‘மரங்கள்’, ‘மரத்தடி’ என வருவனவும் கிடைத்தல் வேண்டும். எழுத்தை மட்டும் ஒப்பிடும் கணினிக்கு இவை வேறு சொற்கள். மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்து ஐயுருபு புணர்ந்தது என்று கூறினால் அன்றோ அதற்கு விளங்கும்? பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பவணந்தியார் வகுத்த ஆறு உறுப்புக்களும், தேடுபொறி செய்வார்க்கும் மொழிபெயர்ப்புப் பொறி செய்வார்க்கும் பயன்படுவன. பேச்சை எழுத்தாக்கும் பொறி வேறொரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுப் பழகியிருப்பின், ‘ஏனுங்க’ என்றும் ‘அக்கட்டால’ என்றும் வழங்கும் நம் கொங்குப் பெரியோரின் பேச்சு அதற்கு விளங்காது. அப்பேச்சைத் தொகுத்து முறைப்படுத்தித் தரத்தக்கவர் இந்நாட்டிற் பிறந்து மொழியிலக்கணம் கற்றவரேயாவர்.

இவ்வாறு கூறுவதனால் தமிழிலக்கணம் மட்டும் கற்றார்க்கு வேலை தானே வந்து வாய்க்கும் என்று எவரும் மயங்கற்க. கழற்றிப் பார்க்கும் பயிற்சியும் உடன் வேண்டும். நாம் செய்யத் தக்கன மூன்று. முதலாவது, பைத்தான் போன்ற நிரல்மொழி ஒன்றைப் பிழையறக் கற்றல். ஐ.ஐ.டி. ஆசிரியர் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இணையத்திற் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பாட்டும் கூத்தும் காணும் அதே கைபேசியில் அவற்றையும் காணலாம். இரண்டாவது, நாம் அஞ்சி ஒதுக்கிய கணிதத்தையும் ஆங்கிலத்தையும் மீண்டும் கையிலெடுத்தல். மூன்றாவது, படிக்கும்போதே சிறியதொன்றை ஆக்கி முடித்தல்: எழுத்தெண்ணும் நிரலாயினும் ஆகுக, ஊர்ச்சொல் அகராதியாயினும் ஆகுக. பட்டம் இல்லார்க்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. தமிழ்நாட்டுச் சோகோ நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பள்ளிப்படிப்பு முடித்தோரைச் சேர்த்துத் தானே பயிற்றிப் பணியில் அமர்த்தி வருகின்றது.

“செயற்கை நுண்ணறிவு நிரலையும் தானே எழுதுகின்றதே, இனி நமக்கு வேலையேது?” என்று அஞ்சுவார் உளர். எளிய பணிகளை அப்பொறி மேற்கொண்டு வருதல் உண்மையே. ஆயினும் அது எழுதியது சரியோ பிழையோ என்று துணிய அறிவுடையார் வேண்டும். தமிழிற் பிழை கண்டு திருத்தத் தமிழறிந்தார் அன்றி வேறு யாவர் உளர்? பயன்படுத்த மட்டும் அறிந்தார்க்கே அச்சம் மிகுதி. உள்ளமைப்பு உணர்ந்தார்க்குப் பொறி ஏவலாள்.

மாணவத் தோழர்காள்! நம் முன்னோர் சீமையிலிருந்து வந்த இயந்திரத்தைக் கண்டு அஞ்சவுமில்லை, வியந்து வாளா நிற்கவுமில்லை. திருகைக் கழற்றி உள்ளே நோக்கினர். பெற்ற தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்தவன் கதையை நாம் கேட்டு வளர்ந்திருக்கின்றோம். நம் கையில் தாலந்து இரண்டு உள்ளன: ஒன்று நாம் பயிலும் தமிழ், மற்றொன்று நாம் உடன்வளர்ந்த இணையம். இவ்விரண்டையும் ஒருங்கே வாணிகத்தில் இட்டுப் பெருக்குதல் நம் கடன். அடுத்த முறை உறவினர் “தமிழ் படித்தவனுக்குக் கணினியில் என்ன வேலை?” என்று வினவுங்கால், கொங்கு என்னுஞ் சொல்லில் எத்துணை எழுத்து என்று கணினியைக் கேட்கச் சொல்வோமாக. அது தரும் விடையைத் திருத்துவதே நம் வேலை என்க.