சுமப்போரும் சுமக்கப்படுவோரும்

பழனி மலைத்தொடரில் கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ளது செண்பகனூர். இயேசு சபையார் 1895ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய திரு இருதயக் கல்லூரியால் அவ்வூர் பலர்க்கும் அறிமுகமானது. 1914ஆம் ஆண்டில் மலைச்சாலை முற்றுப்பெறுமுன், மேலேற விரும்பிய முதியோரும் நோயுற்றோரும் அம்மையநாயக்கனூர்ப் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து டோலியிற் சுமக்கப்பட்டே மலையேறுவர். டோலியில் அமர்ந்து சென்றவரைப் பற்றி நாம் படிக்கின்றோம். சுமந்தவரைப் பற்றிப் படிப்பது மிக அரிது.

முதியோரையும் உடல் முடங்கியோரையும் நெடுங்காலம் பேணுதல் குறித்து எழுதப்படுவனவற்றிலும் இக்குறையே காணப்படுகின்றது. நோயாளிக்கு யாது வேண்டும் என்று விரிவாக ஆராய்கின்றோம். அவரைப் பேணும் மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ யாது வேண்டும் என்று எவரும் வினவுவதில்லை.

மலையூர் வீடொன்றை எண்ணிப் பாருங்கள். தெருவினின்று வாயிலை அடையப் படிகள். வாயிலினின்று புறக்கடைக் கழிப்பிடத்துக்கு மீண்டும் படிகள். சக்கர நாற்காலி இலவசமாகவே கிடைப்பினும் அஃது அங்கு உருளாது. பக்கவாதத்தால் ஒரு கை ஒரு கால் செயலற்ற முதியவர் அவ்வீட்டிற் படுக்கையில் இருப்பின், அவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். இன்றேல் முதுகின் அடிப்புறம், இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் தோன்றும். குளிர் மிகுந்த இரவுகளிலும் ஒருவர் எழுந்தே ஆக வேண்டும். இதனை ஒரு திங்கள் செய்தல் அன்பினால் இயலும். பத்தாண்டு செய்தல் அன்பினால் மட்டும் இயலாது. தூக்கும் முறை அறியாது குனிந்து தூக்குவோர் தம் முதுகைக் கெடுத்துக்கொள்வர். பின்னர் அவ்வீட்டில் நோயாளிகள் இருவர் ஆவர்.

முழங்காலை மடக்கித் தூக்குதல், உடலின் கீழ் விரிப்பொன்றை இட்டு அதனைப் பற்றி நகர்த்துதல் முதலியன அரை நாளிற் கற்கத்தக்க எளிய முறைகளே. கற்பிப்பார்தாம் இலர்.

கொச்சியிற் பிறந்த மேரி வர்கீஸ் அம்மையாரின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராயிருந்த அவர், 1954ஆம் ஆண்டில் நேர்ந்த கார் விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். டாக்டர் பால் பிராண்டின் ஊக்குவிப்பால் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அயல்நாடு சென்று பயின்று திரும்பி, 1963இல் புனர்வாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் அங்குப் புனர்வாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. நோய் தீர்ப்பதோடு மருத்துவம் முடிந்துவிடுவதன்று, தீராத குறையோடு வீட்டிற்கு அனுப்பி வாழச் செய்வதும் மருத்துவமே என்னும் கொள்கை நம் நாட்டில் வேரூன்ற அவர் பெரிதும் உழைத்தார். ஆனால் வீட்டிற்கு அனுப்புவதென்றால், அவ்வீட்டில் காத்திருப்பவரையும் ஆயத்தம் செய்தல் வேண்டுமன்றோ?

சட்டம் இவரை முற்றிலும் மறந்துவிடவில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து பொருளுதவி பெறவே வழிசெய்கின்றது. இரவில் எழுவார் யார் என்பதைப் பொருளால் மட்டும் தீர்க்க இயலாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, ஊதியம் பெற்றோ பெறாமலோ பேணும் குடும்பத்தாரையும் 'பராமரிப்பாளர்' என்றே பெயரிட்டு வரையறுக்கின்றது. மிகுந்த உதவி தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படியையும் குறிப்பிடுகின்றது. பெயரிட்டதே பெரிய காரியம் என்பேன். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரைச் சுவிசேஷம் எண்ணிச் சொல்லிற்றே யன்றி, அவர்தம் பெயரைச் சொல்லிற்றில்லை.

தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்குரிய மருந்துகளோடு, இயன்முறைச் சிகிச்சையும் நோய் தணிப்புச் சிகிச்சையும் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. மலையூர்களுக்கு இதனினும் ஏற்ற முறை காண்டல் அரிது. அங்ஙனம் வரும் பணியாளர் நோயாளியின் இரத்த அழுத்தத்தை அளந்தபின், பேணுபவரின் அழுத்தத்தையும் அளந்து, அவர் கடைசியாக எப்பொழுது முழு இரவு உறங்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

எஞ்சியது ஓய்வு. பேணுபவர்க்கு வாரத்தில் அரைநாள் விடுதலை கிடைக்குமாறு, பயிற்சி பெற்ற அயலார் ஒருவர் வந்து அமர்தல் வேண்டும். நம் கல்லூரியின் சமூகப் பணி மன்றத்தார் கோடை விடுமுறையில் மலையூர்களுக்குச் சென்று சுவருக்கு வெள்ளையடிப்பதிலும் ஊர்வலம் விடுவதிலும் குறையொன்றும் கூறேன். எனினும் அவருள் பதின்மரேனும் புரட்டவும் தூக்கவும் முறையாகக் கற்று, ஞாயிறுதோறும் பிற்பகலில் ஒரு வீட்டில் மூன்று மணி நேரம் இருப்பின், அவ்வீட்டு மருமகள் கொடைக்கானற் சந்தைக்குத் தானே சென்று வேண்டியன வாங்கி, அவசரமின்றித் திரும்பலாம்.