கதவுத் தகட்டைப் படித்துவிட்டு விலை பேசு

அன்புள்ள தம்பிக்கு,

பழைய கப்பல் கன்டெய்னரைக் கழுவி, பெயின்ட் அடித்துக் குடியேறினால் என்ன கெடுதல் என்று கேட்டிருந்தாய். கேள்வியில் தவறில்லை. "கழுவினால் போதும்" என்று உனக்குச் சொன்னவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். தகரம் வெயிலில் கொதிக்கும், உள்ளே வியர்க்கும் என்பதெல்லாம் கட்டடக்கலை படிக்கும் உனக்குத் தெரியும். நீ தரையைப் பார்.

அது பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் ப்ளைவுட். மரத்துக்குள் ஒளிந்த வண்டும் கரையானும் தன் மண்ணில் இறங்கக் கூடாது என்று ஆஸ்திரேலியா விதி வகுத்தது. எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்துக்குப் போகும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? அதனால் தயாரிக்கும்போதே பலகைக்குள் பூச்சிமருந்தை ஏற்றிவிடுகிறார்கள். உள்ளே ஊறியது தண்ணீர் அடித்தால் போகாது. ஒரே ஒரு நடை வந்த புதுப்பெட்டிக்கும் இது பொருந்தும்.

கதவில் அறைந்திருக்கும் தகட்டில் 'டிம்பர் காம்போனென்ட் ட்ரீட்மென்ட்' என்ற வரியைத் தேடு. மருந்தின் பெயரும் தேதியும் அங்கே இருக்கும். 'பாசிலியம் எஸ்ஐ-84' என்றிருந்தால் அதிலுள்ளது ஃபாக்சிம்; ஆர்கனோபாஸ்பேட் வகை. பூச்சியின் நரம்பில் எந்த நொதியை முடக்குகிறதோ, அதே நொதி நம் உடம்பிலும் உண்டு. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலின் மூன்றாம் அத்தியாயம் இவ்வகை நஞ்சுகளை விளக்குகிறது. நான் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பவன். வீடு கட்டப் படிக்கிறவர்கள் அதைப் படிக்காமல் பட்டம் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. தரையில் தவழும் குழந்தைக்கும் சேர்த்துத்தானே வீடு கட்டுகிறாய்?

சரக்கு சிந்தி ஊறிய கறை வேறு. முன்பு எதை ஏற்றினார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. பழைய பெயின்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம். ஜன்னலுக்காகச் சுவரை வெட்டும்போது அந்தப் பெயின்ட் எரியும் புகை வெல்டரின் நுரையீரலுக்குப் போகும். வெட்டும் இடத்தில் பெயின்டை முதலில் நீக்கச் சொல், அவருக்குத் தகுந்த முகக்கவசம் கொடு. இது உன் பொறுப்பு.

தகடு இல்லையென்றால் வாங்காதே. தகடு உள்ளதை வாங்கினாலும் பலகையைப் பெயர்த்தெடுத்துப் புதுத்தரை போடு. பெயர்த்த பலகையை அடுப்பெரிக்க யாருக்கும் கொடுத்துவிடாதே. அந்தப் புகையும் நஞ்சுதான்.

அன்புடன்,
உன் ஆசிரியர்