‘முடிந்தது’ என்று குறித்தால் முடிந்ததா?

கேள்வி: சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் ஏஐ ஏஜென்ட்டுக்கு, வேலைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக முடிக்க ஒரு கருவி கொடுத்திருக்கிறோம். அதனால் பயன் உண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், கோவிலம்பாக்கம்

பதில்: பட்டியலைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். எல்லா வரியிலும் ‘முடிந்தது’ என்று குறித்துவிட்டுப் பாதியில் விட்டுப்போகும் ஏஜென்ட்டுகள் உண்டு. ஏஜென்ட்டுகளை அளக்க 2024-இல் வந்த டௌ-பெஞ்ச் சோதனை இந்த இடத்தில்தான் கண்டிப்பானது. ‘முடித்துவிட்டேன்’ என்று ஏஜென்ட் சொல்வதை நம்பாமல், கடைசியில் தரவுத்தளம் சரியான நிலையில் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பவும் கொடுக்கிறது. அதன் சில்லறை விற்பனைப் பிரிவில், எட்டு முறையும் தவறாமல் முடிப்பதில் அப்போது ஜிபிடி-4ஓ கூட 25 சதவீதத்தை எட்டவில்லை.

உங்கள் பழைய டிக்கெட்டுகளில் இருபதை எடுங்கள். கருவியோடும் கருவி இல்லாமலும் தலா ஐந்தாறு முறை ஓட்டுங்கள். எத்தனை முறை வேலை சரியாக முடிகிறது என்பதையும் டோக்கன் செலவையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ஒரு வேலையை நடுவில் நிறுத்தி, புது அமர்வில் பட்டியலை மட்டும் கொடுத்துத் தொடரச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான சோதனை. மாடலின் நினைவுக்கு எல்லை உண்டு, அது தீரும் இடத்தில் கைகொடுக்கத்தானே பட்டியல்?

சோதனையோடு, கருவியின் விளக்கக் குறிப்பையும் கவனியுங்கள்; அதை மனிதர்களைவிட மாடல்தான் அதிகம் படிக்கிறது. எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதையும் அதில் எழுதுங்கள். இரண்டே படியில் முடியும் வேலைக்குப் பட்டியல் வீண். குறிப்பில் ஒரு வரியை மாற்றினாலும் அந்த இருபதையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.